மௌனமும் மூக்கு நுனியும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்த குறிப்பைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கவிஞர். நல்ல கவிதைகள் நாலைந்து எழுதியவர் என்பதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். (இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இருநூறு பேருக்கும் யாரென்று தெரியும்.) பத்து நாள் விபஸ்ஸனா முகாம்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தியான வகுப்புகளுக்கும் எழுத்தாளர்கள் போகத் தொடங்கியிருப்பது அவரைச் சங்கடப்படுத்தியிருக்கிறது. அவர் வாதம் இது. உள் அனுபவம் கற்றுத்தரக்கூடிய சரக்கு அல்ல. மணியடித்து எழுப்பி, மணியடித்துச் சோறு போட்டு, பதிவுசெய்த குரல் ஒன்று ஆணையிட, நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து பெறுவது ஞானம் அல்ல, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வாங்குகிற சர்ட்டிபிகேட். கவிஞனுக்கோ மௌனம் பிறவியிலேயே வாய்த்தது. அவன் எந்த வகுப்புக்கும் போக வேண்டியதில்லை. இரண்டு பக்கக் குறிப்பில் மௌனம் என்ற சொல் 11 இடத்தில் வருகிறது. எண்ணிவிட்டேன். எண்ணுவது என் உத்தியோகம்.

டைப்ரைட்டிங் ஒப்புமை சரியானது. திட்டுவதாக நினைத்துக்கொண்டு நண்பர் உண்மையைச் சொல்லிவிட்டார். கடைத்தெரு மாடியில் அந்த இன்ஸ்டிடியூட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் பாடம் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். அதற்கு அர்த்தம் கிடையாது. பக்கம் பக்கமாக அதையே அடிக்க வேண்டும். சுண்டுவிரலுக்குப் பலம் போதாமல் 'ஏ' மட்டும் மங்கலாக விழும். அதைத் திரும்ப அடிக்கச் சொல்வார்கள். உன் அந்தரங்கம் என்ன, தரிசனம் என்ன என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. ஒரு மாதம் போனபின் விரல் எழுத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும். இது எப்படி நடந்தது என்று கற்றவனாலும் சொல்ல முடியாது, கற்பித்தவராலும் முடியாது. ஆனால் நடந்ததா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பௌத்த தியானத்தைப் பற்றி இதைவிட நல்ல அறிமுகம் தமிழில் எழுதப்படவில்லை. நண்பர் ஒரு வரி அதிகம் எழுதியிருந்தால் அவர் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு வந்திருப்பார்.

அந்த முகாமில் உண்மையில் நடப்பது என்ன? காலை 4 மணிக்கு மணி. 4.30 முதல் 6.30 வரை உட்கார வேண்டும். 11 மணிக்கு மதியச் சாப்பாடு. அதற்குப் பின் புதியவர்களுக்கு மாலை 5 மணிக்குப் பழமும் தேநீரும். இரவுச் சாப்பாடு இல்லை. 7 மணிக்கு கோயங்காவின் பதிவுசெய்த உரை. 9.30க்கு விளக்கணைப்பு. ஒரு நாளில் ஏறக்குறைய 10 மணி நேரம் உட்கார்ந்திருப்பதிலேயே போகும். முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும்தான். அதுவும் பிராணாயாமம் போல இழுத்துப் பிடிப்பது அல்ல. தானாக வந்து போகிற மூச்சு, மூக்குத் துவாரத்துக்கும் மேலுதட்டுக்கும் இடையில் எங்கே படுகிறது என்று பார்ப்பது. நாலாம் நாளிலிருந்து உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால் வரை, உடம்பில் எங்கே என்ன உணர்ச்சி என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்துப் போவது. ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல், நாளைக்கு மூன்று முறை. முழங்கால் வலிக்கும். வலி ஒரே பாறையாகத் தோன்றும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது பாறை அல்ல. துடிப்பு, சூடு, இழுப்பு, நடுவில் ஒன்றுமில்லாத சின்ன இடைவெளிகள். இதில் ரகசியம் எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஏதோ ஓர் அளவில் தெரிகிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி புக்கிங் ஆபீஸ்காரருக்கு என்னைவிட இரண்டு நாள் முன்பே தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் பேச்சுத் தடை நீங்கியபோது அவரே சொன்னார். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தது அங்கே எந்த விதத்திலும் உதவவில்லை.

கட்டணம் கிடையாது. ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்கள் கொடுக்கிற பணத்தில்தான் அடுத்தவர்கள் சாப்பிடுகிறார்கள். புத்தகம் கூடாது, கைபேசி கூடாது. எழுத்தாளர்களுக்கு அதிகம் உறைப்பது பேனா கூடாது என்பது. இந்த விதியை நண்பர் கலாசாரத்தின் மீதான வன்முறை என்றே எழுதியிருக்கிறார். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஓர் அருமையான வரி தோன்றும். குறித்துக்கொள்ள வழியில்லை. மறந்துவிடக் கூடாதே என்று மாலை வரை அதைச் சொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றும். மூச்சு எங்கே படுகிறது என்பது போயே போய்விடும். மூன்றாம் நாள் காலையில் அந்த வரியை எடுத்துப் பார்த்தால், நாம் முன்பே எழுதிய எட்டு வரிகளின் ஒன்பதாவது பிரதி அது. நம் கவிஞர்கள் பலர் அனுபவம் வந்து சேருவதற்கு முன்பே அதற்கான வரியைத் தயார் செய்துவைத்திருக்கிறார்கள். அனுபவம் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே இடமில்லை.

பேனாவைப் பற்றிய கோபத்துக்குப் பின்னால் இருப்பது பெரிய விஷயம். 'அனுபவம்', 'தரிசனம்', 'உள்ளொளி' என்ற மூன்று ரப்பர் ஸ்டாம்புகளை வைத்துக்கொண்டு ஒரு விமர்சன மரபையே நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு கவிதைத் தொகுதியில் தரிசனம் இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதுகிறார். இல்லை என்று இன்னொருவர் எழுதுகிறார். எங்கே இருக்கிறது, எந்த வரியில், என்ன தெரிந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகக் குறைவு. தியான வகுப்பில் கேட்கிறார்கள். ஆசிரியர் நாலு நாலு பேராகக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிக்கிறார். மூச்சு தெரிகிறதா? எவ்வளவு நேரம் தொடர்ந்து? ஒரு நாசியிலா, இரண்டிலுமா? ஒருவர் ஜோதி தெரிந்தது என்கிறார். 'சரி, மூச்சுக்குத் திரும்புங்கள்' என்று பதில் வருகிறது. நம் வட்டாரத்தில் ஜோதி தெரிந்தது என்று ஒருவர் சொன்னால் முன்னுரை எழுதித் தருகிறோம்.

கவிஞனுக்குப் பிறவியிலேயே வாய்த்த மௌனம் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்றும் பார்க்கலாம். கடந்த சில வருஷங்களின் தொகுதிகளை எடுத்துக்கொண்டால் மௌனம், சூன்யம், வெறுமை, பெருவெளி என்கிற நாலு சொற்களும் எங்கே வேண்டுமானாலும் வந்து உட்காருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் கவிதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பார்க்காமலேயே எழுதப்பட்டவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பாலி சூத்திரங்களில் கவனத்துக்குச் சொல்லப்படுகிற உவமை மௌனத்தைப் பற்றியது அல்ல. கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் நாட்டின் பேரழகி ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறாள். விளிம்பு வரை எண்ணெய் நிரம்பிய பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவன் அவளுக்கும் கூட்டத்துக்கும் இடையே நடந்து போக வேண்டும். பின்னால் உருவிய வாளோடு இன்னொருவன். ஒரு சொட்டு சிந்தினால் தலை போகும். இதை எழுதியவர்களுக்குக் கவனம் என்பது சந்தடியில் வேலை செய்கிற விஷயம்.

எங்கள் ஊரில் ஒரு மாடி அறையில் ஞாயிறு காலை நடக்கிற வகுப்பு வேறு முறை. பர்மாவின் மகாசி சயாதோ (1904–1982) பரப்பியது. மூச்சை மூக்கில் பார்ப்பதில்லை. வயிறு எழுவதையும் அடங்குவதையும் பார்த்து, 'எழுகிறது', 'அடங்குகிறது' என்று மனத்துக்குள் பெயர் வைத்துக்கொண்டே போக வேண்டும். சத்தம் வந்தால் 'கேட்கிறது'. கோயங்கா முறையில் இப்படிச் சொல் வைத்துக்கொள்வது கூடாது. இரண்டு தரப்பாரும் தத்தம் முறையே புத்தர் சொன்னது என்பார்கள்; இரண்டையும் கலக்காதே என்றும் எச்சரிப்பார்கள். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். சொல்ல வந்தது வேறு. வலிக்கிறது, பசிக்கிறது, அரிக்கிறது, குளிர்கிறது, கூசுகிறது. இவற்றில் 'நான்' இல்லை. வேண்டுமானால் 'எனக்கு' என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டாவிட்டாலும் வாக்கியம் முழுசாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் பசியைச் சொல்லவும் 'நான்' என்று தொடங்கியாக வேண்டும். 'நான்' என்பது இல்லாமல் நடப்பதைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரன் வருஷக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கலாம். நம் பாட்டிமார் 'குளிருது' என்று சொல்லும்போதே பாதி வேலை முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒரு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர் தன் கடைசித் தொகுதியில் 40 கவிதைகளில் 31ஐ 'நான்' என்று தொடங்கியிருக்கிறார்.

நண்பருக்கு இவ்வளவு போதும். இனி எதிர்ப்பக்கம். இந்த வகுப்புகளை வெறுப்பவர்களைவிட விற்பவர்கள் அதிக ஆபத்தானவர்கள்.

நான் வேலை பார்க்கிற வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். போன வருஷம் ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி ஒன்று வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் திரையில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று காட்டினார். அதற்குக் கீழே தமிழில் 'மனநிறைவு' என்று போட்டிருந்தது. நேற்றை விடுங்கள், நாளையை விடுங்கள், இந்தக் கணத்தில் இருங்கள், எதையும் நல்லது கெட்டது என்று மதிப்பிடாதீர்கள் என்றார். ஐந்து கவுண்டர் இருந்த கிளையில் இரண்டு கவுண்டர் ஆகியிருக்கிறது. காலை பத்து மணிக்கு முதியோர் பென்ஷன் வாங்க வருகிற கிழவிகள் படிக்கட்டு வரை நிற்கிறார்கள். ஐந்து இரண்டானது நேற்றைய விஷயம். அதை நினைக்கக் கூடாது. அது சரியில்லை என்பது மதிப்பீடு. அதைச் செய்யக் கூடாது. மூச்சை விட்டுக்கொண்டு மனநிறைவோடு இருக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பு தவறு என்று கூடச் சொல்ல முடியாது. அவர்கள் விற்கிற சரக்குக்கு அதுவே சரியான பெயர்.

பாலியில் அந்தச் சொல் ஸதி. சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி. ஞாபகம் என்று அர்த்தம். இலங்கையில் பிரிட்டிஷ் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போன ரைஸ் டேவிட்ஸ் 1881இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அதற்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று போட்டார். அந்த ஆங்கிலச் சொல்லிலும் மறவாமை என்கிற சாயை அப்போது இருந்தது. பிறகு அது தேய்ந்து கவனம் மட்டும் மிஞ்சியது. மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் ஸதியை அரசனின் பொக்கிஷக்காரனோடு ஒப்பிடுகிறார். அவன் காலையிலும் மாலையிலும் வந்து, உங்களிடம் இத்தனை யானை, இத்தனை குதிரை, இவ்வளவு பொன் இருக்கிறது என்று அரசனுக்கு நினைவூட்டுகிறவன். நாள்தோறும் இருப்பைச் சரிபார்த்து வாசித்துக் காட்டுகிற குமாஸ்தா. இன்னொரு சூத்திரத்தில் ஸதி எல்லைப்புறக் கோட்டையின் வாயிற்காவலன். தெரிந்தவனை உள்ளே விட்டுத் தெரியாதவனைத் தடுக்கிறான். மதிப்பிடாத காவலனை எந்தக் கோட்டையில் வைப்பார்கள்?

தமிழில் எண்வழியை எழுதியவர்கள் ஏழாவதற்கு நற்கடைப்பிடி என்று பெயர் வைத்தார்கள். இதைப் பழைய பண்டிதத் தமிழ் என்று தள்ளிவிடுகிறோம். களவியல் உரைகாரர் தலைவனுக்குரிய குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று நான்கைச் சொல்கிறார். கடைப்பிடி என்றால் கொண்ட பொருளை மறக்காமல் இருப்பது என்று விளக்கமும் தருகிறார். இவ்வளவு கச்சிதமாக ஸதியைப் பிடிக்கிற சொல் எந்த நவீன மொழியிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டுத் திரையில் மனநிறைவு என்று காட்டுகிறோம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துக்கடை வடிவத்தைத் தொடங்கிய ஜான் கபாட்-ஜின் ஏமாற்றுக்காரர் அல்ல. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவர் சேர்த்துக்கொண்டது, வேறு சிகிச்சை பலிக்காமல் வலியோடு வாழ்ந்துகொண்டிருந்த நோயாளிகளை. அவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி. வலியோடு இருப்பவனுக்கு வலியைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது கௌரவமான வேலை. அங்கிருந்து பள்ளிக்கும் கம்பெனிக்கும் சரக்கு இறங்கியபோதுதான் வேறு கதையாயிற்று. பிரிட்டனில் 8000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. வழக்கமாக நடக்கிற வகுப்பைவிட இந்த வகுப்பால் கூடுதல் நன்மை எதுவும் காணப்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் உட்காரவே இல்லை. உட்கார வேண்டும் என்று தனக்குத் தோன்றாதவனை உட்கார வைத்துப் பயனில்லை. கோயங்காவின் கதையே இதற்கு உதாரணம். மாண்டலேயில் பிறந்த வியாபாரி, தீராத ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசி வரை போனவர். 1955இல் ரங்கூனில் ஊ பா கினிடம் போனபோது, தலைவலிக்காக என்றால் வராதே என்று அவர் திருப்பி அனுப்பப் பார்த்தார். கோயங்காவே இதைத் தன் உரைகளில் சொல்வார். இன்றைய பயிற்சியாளர்கள் தலைவலி உள்ளவர்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

அந்த ஊ பா கின் (1899–1971) சாமியார் அல்ல. ரங்கூன் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பர்மா விடுதலை பெற்ற 1948இல் அதே ஆபீசுக்கு அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். ஆபீசிலேயே ஓர் அறையை ஒதுக்கி ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தார். அவருடைய ஆசிரியர் சயா தெட்ஜீ (1873–1945) ரங்கூனுக்கு ஆற்றுக்கு அப்பால் நெல் விளைவித்த விவசாயி. அவருக்கும் முந்தியவர் லெடி சயாதோ (1846–1923) என்ற துறவி. விவசாயி, குமாஸ்தா, வியாபாரி. கவிஞர் எவரும் இந்த வரிசையில் இல்லை என்பதை நண்பர் கவனிக்கலாம்.

முகாமின் உரைகளில் இந்த வரிசை, புத்தர் காலம் தொட்டு பர்மாவில் கலப்பில்லாமல் காப்பாற்றப்பட்ட சங்கிலியாகச் சொல்லப்படுகிறது. இங்கேதான் எனக்குச் சண்டை. நண்பர் வைத்திருக்க வேண்டிய ஆட்சேபம் இது. மணியையும் பேனாவையும் பார்த்துக்கொண்டிருந்ததில் கோட்டை விட்டுவிட்டார். 1885இல் பிரிட்டிஷ் படை மாண்டலேக்குள் நுழைந்தது. தீபா மன்னரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து ரத்னகிரியில் வைத்தார்கள். பௌத்தத்துக்குப் பாதுகாவலனான அரசன் இல்லை. இனி சாசனத்தை யார் காப்பது என்ற பயத்தில், அதுவரை துறவிகள் கையில் இருந்த அபிதம்மத்தையும் தியானத்தையும் லெடி சயாதோ சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனார். எளிய பர்மிய மொழியில் எழுதி, அச்சுக் கூடத்தில் மலிவாக அச்சடித்து, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். எரிக் பிரவுன் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சிப் புத்தகம் இதை விரிவாகச் சொல்கிறது. வீட்டில் இருப்பவன் நாலு பேரோடு உட்கார்ந்து பத்து நாளில் தியானம் கற்கலாம் என்கிற ஏற்பாடு, தோற்றுப்போன ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடு. என் பார்வையில் இது அதன் பெருமை. எதற்காக இதை மறைத்து, 2500 வருஷத்துச் சுத்தமான சங்கிலி என்று சொல்ல வேண்டும்? மறவாமையைக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் பாடத்தின் சரித்திரத்தையே மறந்துவிடச் சொல்வது என்ன நியாயம்?

தமிழனுக்கு இதில் இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. சயா தெட்ஜீ ஆற்றின் அக்கரையில் விவசாயிகளை உட்கார வைத்து மூச்சைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார் பெட்டிகள் அந்த விவசாயிகளின் நிலத்தை அடமானத்தில் வைத்துக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த விளைநிலம் 1930இல் நூற்றுக்கு 6. 1938இல் நூற்றுக்கு 25. அவர்கள் கொடுங்கோலர்கள் என்று சொல்ல வரவில்லை. அடமானம் என்பது அப்படித்தான் வேலை செய்யும்; அதே மாதிரி பத்திரங்களை நான் தினம் ஃபைல் செய்கிறேன். ஆனால் பர்மாவிலிருந்து வந்த தியானத்தைத் தமிழில் கற்கிற ஒருவனிடம் இந்த 6ம் 25ம் சொல்லப்பட வேண்டாமா? நிலம் போன மனிதர்கள் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா? 'உலகப் பொதுவான துக்கம்' என்று உரையில் வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்கள் ஞாபகம் வருகின்றன.

இன்னொரு மறதி உள்ளூர் மறதி. தியானம் கற்க பர்மா வரை போய் வருகிற நம் நண்பர்களுக்கு ராயப்பேட்டை தெரியாது. அயோத்திதாசர் (1845–1914) 1898இல் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, அங்கே சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும், ஆம், ரங்கூனிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. லெடி சயாதோ பர்மியக் கிராமங்களில் பேசிக்கொண்டிருந்தபோது ரங்கூனில் தமிழ் பேசுகிற பௌத்தர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியதும் வகுப்புதான். கண்ணை மூடி நடத்தியது அல்ல, வாசித்து நடத்தியது. நீ யார், உன்னைத் தாழ்ந்தவன் என்று சொன்னது யார், எப்போதிலிருந்து என்று கேட்டு நினைவுபடுத்தியது. பொக்கிஷக்காரன் அரசனுக்கு இருப்பைச் சொன்ன மாதிரி, இல்லை என்று சொல்லப்பட்ட ஜனங்களுக்கு அவர்களுடைய இருப்பைச் சொன்னது. அவர் சொன்ன சரித்திரத்தில் பலவற்றை ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் ஸதி என்ற சொல்லுக்கு அவர் செய்தது பொருந்துகிறதா, அரை நாள் பயிற்சியில் கோட்டு போட்டவர் செய்தது பொருந்துகிறதா?

முகாம்கள் எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. பத்து மணி நேரம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்குத் தாங்காது. பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கத்தியத் தியானிகள் 60 பேரிடம் பேசி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பயம், தூக்கமின்மை, தான் தானில்லை என்ற கலக்கம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. சிலருக்கு அது வருஷக்கணக்கில் நீடித்திருக்கிறது. கவிஞர்கள் இதைக் கேட்டு உற்சாகப்படக் கூடும். எந்த மாணவனை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இருப்பதுதான் இதற்கு வழி. பதிவுசெய்த குரலுக்கு அது தெரியாது. அந்த ஓர் இடத்தில் நண்பரின் புகார் நியாயமானது. அதை அவர் இந்தக் காரணத்துக்காகச் சொல்லவில்லை.

மாடி அறை வகுப்பில் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். வகுப்பை நடத்துகிறவர் பதில் சொல்லாமல் முதலில் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தோம். முடிந்தபின் ஸ்டவ்வில் டீ வைத்துக்கொண்டே, சரி, படிக்கலாம் என்றார். வருகிற ஞாயிறு முதல் அமர்வுக்குப் பிறகு அரை மணி நேரம் வாசிப்பு. முதலில் எடுத்துக்கொள்வது அயோத்திதாசரின் 'புத்தரது ஆதிவேதம்'. நண்பரும் வரலாம். காலை 7 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வாசிப்பு நடக்கிற அரை மணிக்குப் பேனா வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.